வாத்தியார் கோடு

அக்டோபர் 14, திங்கள்

தண்ணீர் மோட்டார் காலையில் ஓடவில்லை. உறுமுகிறது, சுற்றவில்லை. கெபாசிட்டர் போயிருக்கும். செண்பகத்துக்கு முழங்கால் வலி. கீழ்க்குழாயிலிருந்து நானே நாலு வாளி தூக்கினேன்.

பதினொரு மணிக்கு சூசைமாணிக்கம் வந்தான். ரயில்வே பயிற்சிப் பள்ளியில் 2003-இல் என்னிடம் படித்தவன். இப்போது இந்த ஊர் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் நின்றபடியே ஒரு பழுப்பு உறையை நீட்டினான். குற்றப்பத்திரிகை. இடைநீக்கம் செய்து ஒன்றரை மாதம் ஆகிறதாம்.

"விசாரணைக்கு ஒரு ஹெல்பர் வச்சுக்கலாமாம் சார், என் பக்கம் பேசறதுக்கு. ரிட்டயர் ஆனவங்களும் வரலாமாம். யூனியன்ல அவர வச்சுக்க, இவர வச்சுக்கங்கறாங்க. எனக்கு உங்களத் தவிர யாரத் தெரியும்?"

ஒத்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை.

அவன் போனபிறகு செண்பகம், "ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு. நட்டும் போல்ட்டும் இன்னும் வீட்ட விட்டுப் போகல" என்றாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

என்ன நடந்தது என்று செண்பகம் கேட்கிறாள். எதையும் சொல்வதற்கு முன் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். வகுப்புக்கும் அப்படித்தான் போவேன்.

ரயில் எஞ்சின் ஒரே உருப்படி அல்ல. மேலே உடல், கீழே இரண்டு போகிகள். போகி என்றால் சக்கரங்களும் மோட்டார்களும் பூட்டிய சட்டம். உடல் அந்தப் போகிகளின்மேல் ஸ்பிரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. இறுகப் பூட்டியிருந்தால் வளைவில் திரும்பாது. வெறுமனே உட்கார்ந்திருந்தாலோ போகி முன்னால் ஓடும், உடல் பின்தங்கும். ஆகவே அடியில் ஓர் இழுவைத் தண்டு இருக்கிறது. ஒரு முனை போகியில், மறுமுனை உடலில். எடையைத் தாங்குவது ஸ்பிரிங், கூட்டிக்கொண்டு போவது தண்டு.

வகுப்பில் இதற்கு இடுப்புக் குழந்தையைச் சொல்வேன். தாய் குழந்தையை இடுப்பில் வைத்து நடக்கிறாள். எடையைத் தாங்குவது இடுப்பு. ஆனால் குழந்தை விழாமல் கூடவே வருவது சுற்றிப் பிடித்த கையினால். அந்தக் கைதான் தண்டு. கையின் பிடிதான் போல்ட்டும் நட்டும். எந்தக் குழுவும் இதை மறந்ததில்லை.

ஆகஸ்ட் 28 காலையில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு சரக்கு ரயிலின் எஞ்சினில் அந்தப் போல்ட் உடைந்து தண்டின் ஒரு முனை கீழே இறங்கிவிட்டது. விழாமல் தாங்க ஓர் எஃகுக் கயிறு உண்டு. அதுவும் அறுந்தது. தண்டு தண்டவாளக் கட்டைகளை அடித்துக்கொண்டே போனது. ஒரு கீமேன், அதாவது தினமும் தண்டவாளத்தை நடந்து பார்க்கிற தொழிலாளி, வண்டிக்கு வழிவிட்டு ஓரமாகக் கொடியுடன் நின்றார். தெறித்த இரும்புத் துண்டு அவர்மேல் பட்டது. மலையரசன், வயது முப்பத்தொன்று. எஞ்சின் தடம் புரளவில்லை. வண்டி அரை கிலோமீட்டரில் நின்றது. வேறு யாருக்கும் காயமில்லை.

அதற்குப் பதினைந்து நாள் முன்பு அந்தத் தண்டின் முனையிலிருக்கும் ரப்பரை மாற்றிப் பூட்டியவன் சூசை. "குறித்த அளவுக்கு இறுக்காமலே இறுக்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்" என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும்.

செண்பகத்திடம் இவ்வளவும் சொன்னேன். "அந்தக் கீமேனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அக்டோபர் 19, சனி

சூசை ஆவணங்களைக் கொண்டுவந்தான். உடைந்த போல்ட்டின் ஆய்வறிக்கை நமக்குச் சாதகம். மெதுவாக வளர்ந்த விரிசல் என்று எழுதியிருக்கிறார்கள். உலோகம் மோசமாக இருந்தாலும் விரிசல் வளரும், இறுக்கம் குறைவாக இருந்தாலும் வளரும். இரண்டில் எது என்று அறிக்கை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் பிடித்துக்கொள்ளலாம்.

டீ குடிக்கும்போது அவன் முதல்முறையாகச் சிரித்தான். "சார், உங்களுக்குத் தெரியுமா? ஷெட்ல அதுக்குப் பேரே வாத்தியார் கோடு."

நட்டை இறுக்கியபின் நட்டுக்கும் அது உட்காரும் இரும்புக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போடுவது வழக்கம். பிறகு நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். நான் கண்டுபிடித்ததில்லை, எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் பயிற்சிப் பள்ளியின் மாடல் அறையில் கழிவு எஞ்சினிலிருந்து வெட்டியெடுத்த தண்டு ஒன்றைப் பூட்டி, பையன்கள் கண்ணில் படும்படி நட்டின்மேல் கோடு போட்டு வைத்தவன் நான். பெயின்ட் நிற்கவில்லை என்று செண்பகத்தின் சிவப்பு நகப் பூச்சால் போட்டேன். அந்த மாடலுக்குத் தலைமையகத்தில் விருதுகூடக் கிடைத்தது.

"என் நகத்துக்குப் பூசினதவிட அந்த நட்டுக்குப் பூசினதுதான் ஜாஸ்தி" என்று செண்பகம் சூசையிடம் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அக்டோபர் 21, திங்கள்

கெபாசிட்டர் மாற்றியாயிற்று. நாள் முழுதும் மழை.

அக்டோபர் 24, வியாழன்

முதல் அமர்வு. விசாரணை அதிகாரி இன்பராஜ், வேறு ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவரும் என் மாணவர், 1998-ஆம் ஆண்டுக் குழு. நான் அவரை சார் என்றேன், அவர் என்னை சார் என்றார். சுருக்கெழுத்தர் இரண்டு முறை குழம்பிவிட்டார்.

பதிவேட்டில் மேற்கையெழுத்திட்ட மேற்பார்வையாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"நட்டை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார்."

"எப்படி இருந்தது?"

"கோடு சேந்து நேரா இருந்துச்சு."

"அப்படியானால் நட்டு நகரவில்லை."

"நகரல சார்."

"நகராத நட்டில் போல்ட் உடைந்தால் குறை எதில் இருக்கும்?"

அவர் கூரையைப் பார்த்தார். "போல்ட்லதான் இருக்கும்" என்றார். இன்பராஜ் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சூசை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. யூனியன் செயலாளர் வடிவேலன், "வக்கீல் தோத்துருவான் சார் உங்ககிட்ட" என்றார். பத்து வயது குறைந்ததுபோல நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. செண்பகம் செய்த முறுக்கை சூசை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் மனைவி ரோஸ்லின் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அவனுக்கு இப்போது பாதிச் சம்பளம்தான் வருகிறது. வேலை போனால் மகளை நிறுத்த வேண்டியிருக்கும் என்று ரோஸ்லின் சொன்னாள், அவன் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தபோது.

நவம்பர் 5, செவ்வாய்

மூலப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஷெட்டுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் எண்ணெய் வாசனை மாறவில்லை. பள்ளத்தின்மேல் ஒரு எஞ்சின் நின்றது. கீழே ஒரு ஃபிட்டர் தண்டின் நட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நீண்ட ஸ்பானரைப் போட்டுத் திருகினார், குனிந்து பார்த்தார், இன்னும் கொஞ்சம் திருகினார். பழைய கோட்டின் இரண்டு பாதிகளும் நேருக்கு நேர் வந்ததும் ஸ்பானரை எடுத்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"வாத்தியார் கோடு சேந்தாச்சு!"

மேலே நின்றவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அட, வாத்தியாரே வந்திருக்காரு! சார், உங்க கோடுதான் ஓடிக்கிட்டு இருக்கு!" என்றார். எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மூலப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். தலைவலி.

நவம்பர் 6, புதன்

பென்ஷனுக்கான உயிர்ச் சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். என் கைரேகை இயந்திரத்தில் விழவில்லை. ஐந்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். "தேஞ்சு போச்சு சார், நாளைக்கு எண்ணெய் தடவாம வாங்க" என்றார் அந்தப் பெண்.

நவம்பர் 8, வெள்ளி

ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். ஊறுகாய் பாட்டிலை நன்றாக மூடி, மூடிக்கும் பாட்டிலுக்கும் குறுக்கே நகப் பூச்சால் கோடு போட்டேன். பிறகு மூடியைச் சரியாக ஒரு சுற்றுத் தளர்த்தினேன். கோடு சேர்ந்தது. சேரத்தானே வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சேரும்.

அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. வாசலில் காஸ் சிலிண்டர்காரர் கூப்பிட எழுந்து போனேன். அதற்குள் செண்பகம் பாட்டிலை மூடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். மூடி கையோடு வந்துவிட்டது. மாங்காயும் எண்ணெயும் கண்ணாடியும் தரையெல்லாம்.

"பாத்துத்தானே எடுத்தேன்! மூடித்தானே இருந்துச்சு!" என்று அவள் அழுவதுபோலச் சொன்னாள்.

"உன் தப்பு இல்லை" என்றேன். முழங்கால் வலியோடு அவள் குனியக் கூடாது என்று நானே துடைத்தேன். எண்ணெய் போக மூன்று வாளித் தண்ணீர் ஆயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து சூசை வந்தான். வெள்ளைச் சட்டை. நான் நேராகவே கேட்டேன்.

"அந்த நட்டுக்கு டார்க் ரெஞ்ச் போட்டியா?"

இறுக்கம் குறித்த அளவைத் தொட்டதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பானர் அது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு போட வேண்டும். விதி அதுதான்.

"ஷெட்ல இருக்கறது ஒரே ரெஞ்ச் சார். சரிபாக்க அனுப்பினா ஆறு மாசம் வராது. வந்தாலும் யாரு தேடறது? கோடு சேந்தா போதும்னுதான..."

நிறுத்திவிட்டான்.

"யார் சொன்னது?"

"எல்லாரும் அப்பிடித்தான் சார் பண்றோம்."

"முதலில் யார் சொன்னது, சூசை?"

"ஞாபகம் இல்ல சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு செண்பகத்தின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பரணிலிருந்து பழைய பாடக் குறிப்பேடுகளை இறக்கினேன். தூசியில் இருமல். 2003-ஆம் ஆண்டு நோட்டில், மாடல் அறைப் பயிற்சி என்ற தலைப்பின் கீழே என் கையெழுத்து: "ஒவ்வொருவரும் நட்டைக் கழற்றிப் பூட்ட வேண்டும். முழு இறுக்கம் வேண்டாம், மரை தேயும். கோடு சேர்ந்தால் போதும். அடுத்தவர்."

அது நியாயமான ஏற்பாடுதான். ஒரு குழுவுக்கு முப்பது பேர், வருடத்துக்கு எட்டுக் குழு. எல்லோரும் முழு அளவுக்கு இறுக்கியிருந்தால் மாடல் போல்ட்டின் திருகு மரை ஒரு வருடம் தாங்காது. இழுக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லாத மாடலுக்கு முழு இறுக்கம் எதற்கு? "இது மாடலுக்கு மட்டும், எஞ்சினில் ரெஞ்ச் போட வேண்டும்" என்று வாயால் சொல்லியிருப்பேன். ஏட்டுப் பாடத்தில் டார்க் ரெஞ்ச் தனியாக ஒரு அத்தியாயமே இருக்கிறது. நிச்சயம் சொல்லியிருப்பேன்.

செண்பகத்திடம் கேட்டேன்: "நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிற ஆளா?"

"கிளாஸ்ல நான் உக்காந்திருந்தேனா?" என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

வருகைப் பதிவேட்டில் டிக் இருந்தால் பையன் வந்தான் என்று பொருள். டிக் போட்டுவிட்டால் பையன் வந்துவிடமாட்டான். இந்த உதாரணம் இன்று காலை பல் துலக்கும்போது தோன்றியது. வகுப்பில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

நவம்பர் 19, செவ்வாய்

ஷெட் தலைமைப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். எல்லா எஞ்சின்களின் தண்டு நட்டுகளையும் ரெஞ்ச் வைத்துச் சோதிக்கச் சொல்லி. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் சூசையின் கையெழுத்து பொய் என்று நானே சொன்னதாகிவிடும். கிழித்துப்போட்டேன்.

மொட்டைக் கடிதமாக எழுதினேன். அதைப் படித்துப் பார்க்கவே கூசியது. அதையும் கிழித்தேன்.

நவம்பர் 21, வியாழன்

வடிவேலன் வழியில் நிறுத்திச் சொன்னார். அடுத்த அமர்வு இருபத்தெட்டாம் தேதி. போல்ட்டின் மேல்தான் பழி போகும், சூசைக்கு எச்சரிக்கையோடு முடியும் என்று உள்ளே பேச்சாம். "வாத்தியார் கைராசி!" என்று என் தோளைத் தட்டினார்.

நவம்பர் 23, சனி

காய்கறி வாங்கப் போனவன் லெவல் கிராசிங் தாண்டி நடந்துவிட்டேன். ஒரு கீமேன் தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக வந்துகொண்டிருந்தார். வண்டி வரும் சத்தம் கேட்டதும் விதிப்படி ஓரமாக ஒதுங்கி, எஞ்சினைப் பார்த்தபடி நின்றார். மலையரசனும் இப்படித்தான் நின்றிருப்பார். விதிப்படி.

அங்கேயே வேலியோரம் நின்றேன். ஐந்து எஞ்சின்கள் போயின. ஒவ்வொன்றும் வரும்போது அடியில் குனிந்து பார்த்தேன். நட்டு தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கோடுதான் தெரியும்.

கத்தரிக்காய் மறந்துவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

சூசையை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அவன் அதைத் தொடவில்லை.

"சார், இப்ப நாம ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்."

"தெரியும்."

"ரெஞ்ச் போடலன்னு நீங்க சொன்னா என் கையெழுத்து பொய்னு ஆயிரும். நேரா வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க."

"நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்றும் சொல்வேன்."

"உங்கள என்ன பண்ணுவாங்க? ரிட்டயர் ஆன ஆளு. பென்ஷன்ல கைவைக்க முடியாது. நான்தான் சார் போவேன்."

அது உண்மை.

"மற்ற எஞ்சினெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, சூசை."

"இன்னும் மூணு வாரம் சார். கேஸ் முடியட்டும். அப்பறம் ஊரக் கூட்டிச் சொல்லுங்க."

"மூன்று வாரத்தில் இன்னொரு மலையரசன்..."

"அந்தப் பேரச் சொல்லாதீங்க சார்!" எழுந்துவிட்டான். "தெனமும் ராத்திரி நான் சொல்லிக்கிட்டுத்தான் படுக்கறேன். நீங்க வேற எனக்குச் சொல்லித் தர வேணாம்."

செண்பகம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"இடுப்புக் குழந்தை, சுத்திப் பிடிச்ச கை. இருபத்தியோரு வருஷம் ஆச்சு சார். நீங்க சொன்னது ஒண்ணுகூட மறக்கல. மறந்து தொலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

நவம்பர் 27, புதன்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 28, வியாழன்

இரண்டாம் அமர்வு. தொடங்கியதும் எழுந்து, ஹெல்பர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், என்னைச் சாட்சியாகப் பதிவு செய்யுங்கள் என்றேன். வடிவேலன் வெளியே இருந்ததால் தடுக்க ஆளில்லை. சூசை என்னைப் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு ஹெல்பர் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டுமா என்று இன்பராஜ் அவனைக் கேட்டார். வேண்டாம் என்றான்.

மாடலைப் பற்றியும் மரை தேய்வதைப் பற்றியும் நோட்டில் எழுதியிருப்பதையும் சொன்னேன். ஒரு சுற்றுக் குறைந்தாலும் கோடு சேரும் என்பதை மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை வைத்துக் காட்டினேன். சுருக்கெழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இன்பராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "சார், அந்த மாடல்ல நானும் பூட்டியிருக்கேன்."

"ஆமாம்."

"எங்க ஷெட்லயும் இப்பிடித்தான் பண்றாங்க."

"இருக்கும்."

பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு அதிகாரியாக மாறிக் கேட்டார்: "மாடலுக்கு மட்டும்தான் இந்த முறை என்று மாணவர்களை எச்சரித்தீர்களா?"

"எச்சரித்திருப்பேன். நினைவில்லை."

"நடைமுறையில் இது நடக்கிறது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"நவம்பர் ஐந்து."

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

நவம்பர் 29, வெள்ளி

வடிவேலன் தொலைபேசியில் திட்டினார். வயதுக்கு மரியாதை கொடுத்துத் திட்டினார், அது இன்னும் மோசம். "வக்காலத்து வாங்கிட்டு வந்து கழுத்தறுத்துட்டீங்களே சார்."

டிசம்பர் 9, திங்கள்

ஷெட்டில் எல்லா எஞ்சின்களையும் ரெஞ்ச் வைத்துச் சோதித்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே கிளார்க், அவர்தான் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு எஞ்சின். பதினேழில் நட்டு அளவுக்குக் குறைவாக இருந்தது. இரண்டில் கையாலேயே திருக முடிந்ததாம்.

கோடு பதினேழிலும் நேராகத்தான் இருந்தது.

செண்பகத்திடம் சொன்னேன். "அப்ப நல்லதுதானே பண்ணீங்க?" என்றாள். கேள்வி போலத்தான் இருந்தது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். ஒவ்வொரு வருடமும் சூசை வீட்டிலிருந்து கேக் வரும். மாலைவரை செண்பகம் வாசல் விளக்கைப் போட்டே வைத்திருந்தாள்.

டிசம்பர் 30, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. பணிநீக்கம். பதிவேட்டில் பொய்க் கையெழுத்து நிரூபணம். பயிற்சியில் குறை இருந்ததாகச் சாட்சியம் சொல்வது உண்மையே ஆனாலும், விதி அச்சில் இருந்ததால் ஊழியரின் பொறுப்பு குறையாது என்று எழுதியிருக்கிறார்களாம்.

அவன் வீட்டுக்குப் போனேன். ரோஸ்லின் கதவைத் திறந்தாள். "அவரு இல்லீங்க" என்றாள். அவன் செருப்பு வாசலில் கிடந்தது. சரி என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கியது.

ஜனவரி 20, திங்கள்

பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். செண்பகத்திடம் கேட்டு, நகப் பூச்சு அழிக்கிற திரவத்தை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டேன். மாடல் அறையைத் திறந்து காட்டினார்கள். தண்டு இருந்த இடத்தில் சுவரில் நாலு துளைகள். போன மாதமே கழற்றிக் கழிவுக்கு அனுப்பிவிட்டார்களாம். விருதுச் சான்றிதழ் மட்டும் மாட்டியபடி இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள்.

குப்பியைத் திரும்பக் கொடுத்தேன். செண்பகம் வாங்கி அலமாரியில் வைத்தாள்.

பிப்ரவரி 8, சனி

பத்து மணிக்கு சூசை வந்தான். மெலிந்திருக்கிறான். ஒரு லேத் பட்டறையில் நாள்கூலிக்குப் போகிறானாம். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மகள் இந்த மாதம் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை நான் கேட்காமலே சொன்னான். கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அப்பீலுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு சார். வடிவேலன் எழுதித் தந்தாரு. பழையபடி போல்ட் மேலயே போட்டிருக்காரு. அது வேணாம்னு தோணுது. பதினேழு எஞ்சின் கேள்விப்பட்டேன். அதுல நாலு நான் பூட்டினது."

"நான் எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆனா நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

மூன்று மணி நேரம் எழுதினேன். செண்பகம் சோறு போட்டாள். அவன் மறுக்காமல் சாப்பிட்டான். ரெஞ்ச் போடாததை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டு, மாணவர்கள் முப்பது முப்பது பேராக வருடக்கணக்கில் அதே மாடலில் அப்படியே கற்றார்கள் என்பதையும், பதினேழு எஞ்சின்களையும், அவற்றைப் பூட்டிய வேறு யார் மேலும் நடவடிக்கை இல்லை என்பதையும் வரிசையாக வைத்தேன். நல்ல மனுதான்.

அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்ன சார்?"

நான் எழுதியிருந்தது: "மேற்படி முறை மாடலுக்கு மட்டுமே உரியது என்று ஆசிரியர் வாய்மொழியாக எச்சரித்திருக்கக்கூடும் எனினும்."

"அது ஒரு பேச்சுக்கு" என்றேன்.

"நான் முன் பெஞ்சு சார். சன்னலோரம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." குரலில் கோபம் இல்லை. "நீங்க சொல்லல."

செண்பகம் தட்டை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். அடித்தல் இருந்தால் நன்றாக இராது என்று அந்தப் பக்கம் முழுவதையும் புதிய தாளில் எழுதினேன். அந்த இடத்தில், "ஆசிரியர் எச்சரிக்கவில்லை" என்று எழுதினேன்.

அவன் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தான். நான் காத்திருந்தேன். கடைசி வரிவரை வந்தபிறகுதான் கையெழுத்துப் போட்டான்.